ஏர்வாடி 2001: தீ பிடிப்பதற்கு முந்தைய மாதங்கள்

2001 ஆகஸ்ட் 6, திங்கட்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்துவந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். பெரும்பாலானவர்களின் காலில் சங்கிலி. கீற்றுக் கூரை எரிந்து விழ எவ்வளவு நேரம் ஆகும் என்பது ஓலை வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஒருவரின் பூட்டைத் திறப்பதற்குள் அடுத்தவர் தலைமேல் கூரை வந்துவிடும். 25 பேர் அங்கேயே கருகிப் போனார்கள். பிறகு மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்தால் 28 பேர்.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதுபவர்கள் தீயில் தொடங்கி நீதிமன்றத்தில் முடிப்பது வழக்கம். எனக்கு அதற்கு முந்தைய கதைதான் முக்கியமாகப் படுகிறது. அந்த 28 பேரும் ஏர்வாடியில் பிறந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரையும் யாரோ ஒரு அம்மாவோ அண்ணனோ கணவரோ கைபிடித்து பஸ் ஏற்றி அங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். பாசம் இல்லாதவர்களும் சிலர் இருந்திருக்கலாம். பலர் கையில் இருந்த கடைசிப் பணத்தைச் செலவழித்து, இங்கேயாவது குணமாகிவிடாதா என்று வந்தவர்கள். அந்தக் கொட்டகைக்கு வருவதற்கு முன்னால் அவர்கள் எத்தனை வாசலில் நின்றிருப்பார்கள், எந்த வாசலிலாவது யாராவது சரியான ஒரு வார்த்தையைச் சொன்னார்களா என்பதுதான் என் கேள்வி.

ஏர்வாடிக்குப் போகும் வழி

கீழக்கரைக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாக் கரையோரம் இருக்கும் ஊர் அது. சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா அடங்கிய தர்கா. முஸ்லிம்கள் மட்டும் வரும் இடமன்று. சந்தனக்கூடு சமயத்தில் போனால், திருநீறு பூசியவர்களும் சிலுவை போட்டவர்களும் அதே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். மனம் பேதலித்தவர்களை அங்கே கொண்டுபோய்த் தங்கவைத்தால் குணமாகும் என்ற நம்பிக்கை தென் மாவட்டங்கள் முழுக்க உண்டு. அங்கிருந்து கேரளம் வரைக்கும் அந்தப் பேச்சு போயிருக்கிறது. தர்காவின் தண்ணீர், விளக்கு எண்ணெய், பிறகு காத்திருப்பு. குணமானவருக்குக் கனவில் 'உத்தரவு' வரும், அதன்பிறகுதான் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பார்கள். உத்தரவு சிலருக்குச் சில வாரங்களில் வரும், சிலருக்கு ஆண்டுக்கணக்காக வராது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. கூலி வேலைக்குப் போகிற குடும்பம் எத்தனை மாதம் தர்காவிலேயே உட்கார்ந்திருக்க முடியும்? அந்த இடைவெளியில் தனியார் காப்பகங்கள் முளைத்தன. மாதாமாதம் பணம் கொடுத்தால் போதும், நோயாளியை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். நடத்தியவர்களுக்கு மருத்துவப் பயிற்சி கிடையாது. மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை, பார்த்துக்கொள்ளப் போதிய ஆட்களும் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் சங்கிலிதான் ஆள். ஒரு பூட்டு, இரண்டு அடி இரும்பு, கம்பத்தில் ஒரு வளையம். பத்துப் பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை இது செய்துவிடும். காப்பகத்தில் பூட்டியதைப் பார்த்து அதிர்ச்சி அடையாத குடும்பங்கள் நிறைய. காரணம், வீட்டிலேயே அவர்கள் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

வீட்டில் நடந்தது

நான் சில வருடங்களாகக் கிராமங்களில் மனநலம் பற்றிப் பேசப் போகிறவன். ஊர் மாறினாலும் கதை பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. இருபது வயதுப் பையன். கொஞ்ச நாளாகத் தூங்குவதில்லை. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்கிறான். சாப்பாட்டில் மருந்து கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். யாருமில்லாத மூலையைப் பார்த்துச் சிரிக்கிறான். மருத்துவத்தில் இதை மனச்சிதைவு நோய் என்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு நடுத்தரமான ஊராட்சியில் பத்துப் பேராவது இருக்க வேண்டும்.

வீட்டார் கண்ணுக்கு அது நோயாகத் தெரிவதில்லை. பயந்துவிட்டான், காத்துக் கருப்பு அண்டிவிட்டது, பங்காளி செய்வினை வைத்துவிட்டான். முதலில் மந்திரிப்பவர், தாயத்து, கறுப்புக் கயிறு. அடுத்து, ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்று கல்யாணம். இந்த ஒரு யோசனை எத்தனை பெண்களின் வாழ்க்கையைக் காவு வாங்கியிருக்கிறது என்பதை எழுதினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். அப்புறம் யாரோ சொல்லி, நகரத்தில் ஒரு மருத்துவரிடம் ஒரே ஒரு முறை. மாத்திரை போட்டவுடன் பையன் நாள் முழுக்கத் தூங்குகிறான், வாயில் எச்சில் ஒழுகுகிறது, கை நடுங்குகிறது. 'இருந்த பிள்ளையையும் மருந்து கெடுத்துவிட்டது' என்று பத்தாவது நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

அந்தப் பத்தாவது நாள்தான் எனக்கு இந்த நிகழ்வின் மையம். ரிஸ்பெரிடோன், ஒலன்சபைன் போன்ற மாத்திரைகள் தூக்கத்தையும் படபடப்பையும் சில நாட்களில் அடக்கிவிடும். ஆனால் காதில் கேட்கும் குரல்களும் சந்தேகங்களும் குறைய வாரக்கணக்கில் ஆகும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டியிருக்கும். கை நடுக்கத்துக்கு வேறு மாத்திரை உண்டு. தூக்கம் அதிகமானால் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். தினமும் விழுங்க மறுப்பவர்களுக்கு சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. இதில் ஒன்றுகூட ரகசியம் இல்லை. ஐந்து நிமிடம் ஒதுக்கி ஒருவர் தமிழில் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பையன் மறுபடி தெருவில் ஓடுகிறான், அக்கம்பக்கத்தில் கல்லெறிகிறான், கிணற்றை எட்டிப்பார்க்கிறான். அம்மா மாட்டுக் கொட்டிலில் இருந்து சங்கிலியை எடுத்துவருகிறாள். அவன் கிணற்றில் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காக.

அதற்கடுத்த பஸ் ஏர்வாடிக்கு.

சட்டம் அப்போதும் இருந்தது

ஏர்வாடிக் காப்பகங்கள் சட்டம் இல்லாத காலத்தில் நடந்தவை அல்ல. 1987இல் இயற்றப்பட்டு 1993 முதல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம், உரிமம் இல்லாமல் இப்படி ஒரு இடத்தை நடத்தக் கூடாது என்றுதான் சொன்னது. தீப்பிடித்தபோது அந்தச் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. காப்பகத்தில் பிள்ளையை விட்ட ஒரு குடும்பத்துக்காவது அது தெரிந்திருக்குமா? காப்பகங்கள் ஒன்றும் மறைவில் இல்லை. சாலையோரம், எல்லோரும் பார்க்க, சங்கிலிச் சத்தத்தோடு இருந்தன. பார்த்தவர்களுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. 'பைத்தியம்தானே, கட்டாவிட்டால் என்ன செய்வார்கள்' என்ற ஒரு வாக்கியம் சட்டத்தைவிட வலுவாக இருந்தது.

தீக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அந்த மாதிரிக் காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்த 500க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பேற்றது. என். ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. காப்பக உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் 2007இல் ஏழு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 'தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேரின் மரணம்' என்பதுதான் அந்த வழக்கின் பெயர். செய்தி வந்த அன்றைய எண்ணிக்கை அப்படியே பெயராகிவிட்டது. பிறகு இறந்த மூன்று பேர் வழக்கின் தலைப்பில் கடைசிவரை சேரவே இல்லை.

2002 பிப்ரவரி 5 அன்று அந்த வழக்கில் வந்த உத்தரவைப் பலரும் மனநல மருத்துவமனைகளைப் பற்றியது என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். மாநிலத்துக்கு ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்று அது சொன்னது உண்மைதான். ஆனால் அதில் விழிப்புணர்வு பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் கிராமங்களை முக்கியமாக வைத்து விரிவான விழிப்புணர்வு இயக்கம் நடத்த வேண்டும், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம் என்பதையும் அவர்களின் உரிமைகளையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும், நோயாளிகளைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கற்பிக்க வேண்டும்.

கோயிலா, மருத்துவமா

அந்த உத்தரவின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் 'தர்காவுக்குப் போகாதே' என்று தொடங்கும் விழிப்புணர்வு ஊருக்குள் எடுபடுவதில்லை. சாமியா டாக்டரா என்று கேட்டால் மக்கள் சாமியைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். அந்தக் கேள்வியையே கேட்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. முத்துசாமி கோயில் என்று ஒரு கோயிலில் தங்கி வழிபட்ட மனநோயாளிகளைப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மொத்தம் 31 பேர், பெரும்பாலும் கடுமையான மனநோய் உள்ளவர்கள். அங்கே விசேஷச் சடங்கு எதுவும் இல்லை. கோயிலில் தங்கினார்கள், சின்னச் சின்ன வேலை செய்தார்கள், கூடவே குடும்பத்தினர் ஒருவர் இருந்தார். சில வாரங்களில், நோய் அறிகுறிகளின் கடுமையை அளக்கும் மதிப்பெண் அவர்களுக்கு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. கோயில் மனச்சிதைவைக் குணப்படுத்தும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 31 பேரை வைத்து, ஒப்பிட இன்னொரு குழுவும் இல்லாமல், அப்படிச் சொல்லிவிட முடியாது. பைத்தியம் என்று விரட்டாமல் ஒரு இடம் தங்கவிட்டால், சாப்பாடு போட்டால், வேலை கொடுத்தால் அதுவும் ஒரு மருந்து என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஏர்வாடிக் கொட்டகையில் இந்த மருந்துகூடக் கொடுக்கப்படவில்லை.

திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் காலங்காலமாக உண்டு. இப்போது அங்கே மறுவாழ்வு மையம் உரிமத்தோடு நடக்கிறது, மனநல மருத்துவரும் வந்து பார்க்கிறார். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 'தவா – துவா' என்று ஒரு திட்டம் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. தர்காவில் ஓதுபவரே 'ஓதிவிட்டேன், அப்படியே அந்த அறையில் டாக்டரையும் பார்த்துவிட்டுப் போ' என்று அனுப்பிவைப்பார். அதே திட்டம் பிறகு ஏர்வாடி தர்காவுக்கும் வந்தது. 28 பேர் கருகிய ஊரில், தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்து மாத்திரை எழுதிக் கொடுப்பது சாதாரண மாற்றம் இல்லை. ஓதுபவர் வாயிலிருந்து வரும் 'மாத்திரையை நிறுத்தாதே' என்ற ஒரு சொல்லுக்கு என்னுடைய நூறு கூட்டங்களைவிட மதிப்பு அதிகம்.

வேப்பமரத்தடிக் கேள்விகள்

அக்டோபர் 10 உலக மனநல நாள். பேரணி போகும், பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடிப்பார்கள், 'மனநலம் காப்போம்' என்று கோஷம் கேட்கும். நானும் அந்தப் பேரணிகளில் நடந்திருக்கிறேன். ஆனால் பூட்டிய அறைக்குள் இருப்பவனின் அம்மா அந்தச் சாலைக்கு வருவதில்லை. அவள் நூறு நாள் வேலைக்கு வருவாள். அதனால் நாங்கள் வேலை நடக்கும் இடத்துக்கே போக ஆரம்பித்தோம். கண்மாய்க் கரையில், வேப்பமரத்தடியில், மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் உட்காரும் அந்தப் பதினைந்து நிமிடம்தான் எங்களுக்குக் கிடைக்கும்.

ஆரம்பத்தில் மூளை, ரசாயனம், டோபமின் என்றெல்லாம் பேசினேன். தலையாட்டினார்கள், கொட்டாவி விட்டார்கள். பிறகு பேச்சைக் குறைத்துக் கேள்வி கேட்கச் சொன்னேன்.

'மாத்திரை போட்டா தூக்கம்தானே தம்பி வருது, நோய் எங்க போகுது?'

'ஆயுசுக்கும் போடணுமா?'

'ஒரு வீட்டுல இது இருக்குன்னு தெரிஞ்சா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வருமா?'

கடைசிக் கேள்வி ஒவ்வொரு ஊரிலும் வரும், எப்போதும் கூட்டம் கலையும்போது, குரலைத் தாழ்த்தி. மறைப்பதற்கு அறியாமை மட்டும் காரணம் இல்லை என்பதை அந்தக் கேள்வியில்தான் நான் கற்றுக்கொண்டேன். அந்தக் குடும்பம் தன் மகள் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அவர்களைப் பார்த்து 'வெளிப்படையாகப் பேசுங்கள்' என்று மேடையிலிருந்து சொல்வது நமக்குச் சுலபம், அவர்களுக்கு அது விலை உள்ள விஷயம். நாம் மாற்ற வேண்டியது பெண் பார்க்க வருகிறவர்களின் வாயை. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பை. 1794 முதல் நோயாளிகளைக் கவனித்துவரும் ஒரு மருத்துவமனையின் முகவரி நம் ஊரில் வசவாகப் பயன்படுகிறது. காலில் பூட்டுப் போடும் கைக்குத் துணிச்சல் கொடுப்பதில் அந்த வசவுக்கும் பங்கு உண்டு.

இப்போது நான் பேசுவது மிகக் குறைவு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் உங்கள் பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்பதைச் சொல்வேன். முதல் ஆறு வாரம் பொறுங்கள், எச்சில் ஒழுகினால் நிறுத்தாமல் போய்ச் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். 2022 முதல் இருக்கிற அரசின் மனநல உதவிச் சேவை அது. சாகப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை மிரட்டல் என்று ஒதுக்காதீர்கள், தனியாக விடாதீர்கள். அவ்வளவுதான்.

இன்னும் முடியாத கதை

2015–16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அப்போது ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. நோய்க்குத் தகுந்தபடி இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது.

2017இல் புதிய மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. எந்த வகையிலும், எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று அதன் 95ஆம் பிரிவு சொல்கிறது. இதை எழுதியவர்கள் மனதில் ஏர்வாடி இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றும். சட்டத்தை மீறினால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமை என்றும் அது சொல்கிறது. அப்படியிருந்தும் 2019 ஜனவரியில், உத்தரப்பிரதேசம் பதாயூனில் ஒரு வழிபாட்டுத் தலத்தில் நோயாளிகள் சங்கிலியில் கட்டப்பட்டிருக்கும் படங்கள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தன. இது மனிதத்தன்மையற்றது என்று நீதிபதிகள் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் பதினேழு வருடம் போயிருந்தது.

நான் நேரில் பார்த்த ஒரு கணுக்காலைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அரசு மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளிகள் பிரிவில், பெஞ்சில் ஒரு இளைஞர் உட்கார்ந்திருந்தார். இடது கணுக்காலைச் சுற்றி, கொலுசு போட்டதுபோல, தோல் கறுத்து மினுமினுப்பாக இருந்தது. முடி முளைக்காத ஒரு வளையம். மூன்று வருடச் சங்கிலி என்று அவர் அம்மா சொன்னார். எங்கள் வேப்பமரத்தடிக் கூட்டம் ஒன்றில் மூலையில் உட்கார்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல் போனவர் அவர். நான்கு மாதம் கழித்துத்தான் மகனை அழைத்துவந்தார். பூட்டைத் திறக்க அவருக்கு அவ்வளவு நாள் தைரியம் வரவில்லை. திறந்தால் ஓடிவிடுவான் என்ற பயம்.

ஓடவில்லை. ஆறாவது வாரத்தில் தட்டில் போட்ட சோற்றைச் சந்தேகப்படாமல் சாப்பிட்டான் என்று சொன்னார். எட்டு மாதம் கழித்து, நன்றாகிவிட்டதே என்று அவர்களாகவே மாத்திரையை நிறுத்தினார்கள். நோய் திரும்பியது. மறுபடி வந்தார்கள். அந்த முறை சங்கிலியை எடுக்கவில்லை, ஆட்டோ பிடித்தார்கள். இப்போது அந்த இளைஞர் ஊரில் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகிறார். எல்லா நாளும் போக முடிவதில்லை. சில நாள் யாரிடமும் பேசாமல் படுத்துக்கொள்கிறார்.

போன மாதம் மாத்திரை வாங்கும் தேதியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். மகன் வரவில்லை, வேலைக்குப் போயிருந்தார். கூட இன்னொரு பெண் நின்றிருந்தார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. 'எங்க தெருதான் தம்பி. இவ வீட்டுக்காரரு ரெண்டு மாசமா தூங்கல. ஏர்வாடிக்குக் கூட்டிப்போறேன்னு சொன்னா. போ, போறதுக்கு முன்னாடி என்கூட ஒருநாள் இங்க வான்னு கூட்டியாந்தேன்' என்றார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, சீட்டு எங்கே வாங்க வேண்டும், எந்த ஜன்னலில் மாத்திரை தருவார்கள் என்று காட்டிக்கொண்டே நடந்தார்.